பட்டியலில் இல்லாத கரும்பு டிராக்டர்

பெரம்பலூரில் சாலை வரைபடம் போடும் ஆபீஸில் எனக்கு வேலை. ஒரு வண்டியைத் தேர்ந்தெடுத்து வளைவில் ஓட்டினால், அதன் சக்கரங்கள் எங்கெங்கே போகும் என்று மென்பொருள் கோடு போட்டுக் காட்டும். அரியலூர் பக்கத்து முக்கு ஒன்றுக்குப் பஸ்ஸைத் தேர்ந்தெடுத்து ஓட்டினேன். அழகாகத் திரும்பியது. ஆனால் அங்கே அதிகம் திரும்புபவை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் இரண்டு டிரெய்லர் இருக்கும். அப்படியொரு வண்டி மென்பொருளின் பட்டியலிலேயே இல்லை.

டிரெய்லரை அளந்து வந்து, அந்த வண்டியை நானே அதில் உருவாக்கினேன். திரையில் ஓட்டிப் பார்த்தால், பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கும் நடைபாதை மீது கடைசிச் சக்கரத்தின் கோடு ஏறிப் போனது. தப்பாக அளந்துவிட்டேனோ என்று பயந்து மறுபடியும் போய் அளந்தேன். கோடு மாறவில்லை.

"பஸ் திரும்புதுல்ல, அது போதும்மா. நாளைக்குப் படத்த அனுப்பணும்," என்றார் என் மேலதிகாரி.

"கரும்பு வண்டி திரும்பலைங்க சார்."

"அது சீசனுக்கு மட்டும்தானே ஓடுது?"

"சீசன்ல ஸ்கூலுக்கு லீவு வுட்டுருவாங்களா சார்?"

"புள்ள பெத்ததுலேருந்து உனக்கு எதப் பாத்தாலும் பயம்."

"ஆமாங்க சார், பயம்தான். பஸ்ஸ வெச்சுப் போட்ட படம் போறதா இருந்தா அதுல என் பேர் வேணாங்க."

வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்தபடியே, நடைபாதையைப் பின்னுக்குத் தள்ளி வரையத் தொடங்கினேன். அவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். நான் வரைவதை நிறுத்தவில்லை.