பெரிய வெள்ளியன்று யார் பாடலாம்?

ஒரே பாட்டை ஊர் ஊராகப் போய்க் கேட்டு, ஒவ்வோர் ஊரும் அதை எப்படி மாற்றிப் பாடுகிறது என்று பதிவு செய்துகொண்டு, எது சரி என்று யாருக்கும் சொல்லாமல் வீடு திரும்புவது என் தொழில். டெல்டாப் பகுதிக் கிறிஸ்தவச் சபைகளின் பாட்டுகள் வாய்க்கு வாய் எப்படி வேறுபடுகின்றன என்று ஆராய்கிறவள் நான். கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அதை விடவில்லை. ஆராதனையில் நீங்கள் வாயைத் திறந்ததும் முன்வரிசையிலிருந்து யாராவது திரும்பிப் பார்த்ததுண்டா? அப்படியென்றால் கீழே வருபவை உங்களுக்காகவே எழுதப்பட்டவை. நாம் ஒரே கட்சி.

சரியானது எது?

ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, வாய்க்கால் கரையோரம் ஒரு சிறிய லுத்தரன் சபை இருக்கிறது. பெரிய வெள்ளியன்று, ஆண்டவரின் மரணத்தைச் சொல்லும் நீண்ட புலம்பல் ஒன்றை அங்கே சபையார் அனைவரும் சேர்ந்து பாடுவார்கள். அதைக் கேட்கவே ஆண்டுதோறும் போவேன். சென்ற ஆண்டு, பண்டிகைக்குச் சில மாதங்களுக்கு முன்பு, சபைச் செயலாளர் தேவசகாயம் தஞ்சாவூரில் என் வீட்டுக்கு வந்தார். கோயிலுக்குப் புதிய மைக்குகளும் ஒலிபெருக்கிகளும் வாங்கியிருந்தார்கள். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகள் அன்றைய ஆராதனையைக் கைபேசியில் நேரலையாகப் பார்க்கப் போகிறார்கள். ஆகையால் புலம்பலைச் சரியான முறையில் பாடப் பயிற்சி பெற்ற குழு ஒன்று வேண்டும். அந்தச் சரியான முறை எது என்று நான் சொல்ல வேண்டும்.

உங்கள் ஊரில் பாடுவது உங்கள் ஊருக்குச் சரி, அடுத்த ஊரில் பாடுவது அடுத்த ஊருக்குச் சரி, இதற்கு மேல் எந்தத் தீர்ப்பும் என்னிடம் இல்லை என்றேன். அவர் காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மிகுந்த பரிவோடு என்னைப் பார்த்தார். "அப்ப இத்தனை வருஷமா என்னதான் மேடம் ஆராய்ச்சி பண்ணீங்க?"

முந்திப் பிடித்தல்

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் இதே புலம்பலை வரிக்கு வரி நிறுத்தி, நன்றாக மூச்சு வாங்கிக்கொண்டு பாடுகிறார்கள். ஒரத்தநாட்டுச் சபையில் அப்படி இல்லை. பெண்கள் பக்கம் ஒரு வரி, ஆண்கள் பக்கம் அடுத்த வரி. ஒரு பக்கத்தின் கடைசி அசை ஓய்வதற்குள் மறுபக்கம் முந்திக்கொண்டு பாட்டைப் பிடித்துவிடும். முறையாக இசை கற்ற காதுக்கு இது அவசரம், தாளப் பிழை. எனக்கோ அந்தச் சபையின் அடையாளமே அதுதான்.

முதல் வரியை எடுத்துக் கொடுப்பவர் எஸ்தர். அறுபதை நெருங்குகிறவர். முன்பு கூலிக்கு நடவு நட்டவர், இப்போது சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்துக் குறுவையும் சம்பாவும் போடுகிறவர். ஏன் இப்படி முந்திப் பிடிக்கிறீர்கள் என்று முதன்முதலில் கேட்டபோது, தாளம், மரபு, வழிபாட்டுக் குறியீடு என்று எதையாவது சொல்வார் என எதிர்பார்த்து ஒலிப்பதிவுக் கருவியை அவர் பக்கம் நகர்த்தினேன். எஸ்தர் சொன்னது இவ்வளவுதான்: "வயல்ல பாடிப் பழகுன வாய் மேடம். பாட்டு நின்னா நிமிரத் தோணும், நிமிந்தா இடுப்பு வலி தெரியும். அதான் நிக்க விடுறதில்ல."

குரல் பிளந்த பிறகு

எஸ்தரின் பழைய குரல் என்னிடம் பதிவாக இருக்கிறது, கணீரென்ற குரல். தைராய்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அது இரண்டாகப் பிளந்துவிட்டது. கீழே கரகரப்பு, மேலே வெறும் காற்று. இதை நான் பூசி மெழுகப் போவதில்லை. மனத்தால் கேட்டால் அந்தக் குரலும் தேன்தான் என்று எழுதும் கூட்டத்தைச் சேர்ந்தவள் அல்ல நான். அது சுருதியில் நிற்பதில்லை. காதுக்கு இனிமையாகவும் இல்லை.

சிகிச்சை நடந்த ஆண்டு, பேசவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தபடியால், பெரிய வெள்ளியன்று எஸ்தர் வாய் மூடி உட்கார்ந்திருந்தார். அடுத்த ஆண்டே பழையபடி முதல் வரியை எடுத்தார். வேறு யாராவது எடுக்கட்டுமே, தொண்டைக்கு ஏன் இந்தப் பாடு என்று அவரிடம் கேட்டேன். களத்தில் காய்ந்த உளுந்தை ஒதுக்கிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை. "அந்த ஒரு வருஷம் சும்மா உக்காந்து பாத்துட்டேன் மேடம். எழவு வீட்டுக்குப் போயிட்டு அழாம காபி குடிச்சுட்டு வந்த மாதிரி இருந்துச்சு. இன்னொரு வாட்டி அப்படி என்னால உக்கார முடியாது."

மனசுக்குள் பாடுவது

தீர்ப்புச் சொல்ல மறுத்த என்னையே குரல் தேர்வுக்கு நடுவராக அழைத்தார்கள். யாரை வெளியே தள்ளுகிறார்கள் என்று பார்ப்பதற்காகவே போனேன். தேவசகாயம், நான், பாடகர் குழுவின் புதிய தலைவர் ஜெபராஜ் என்று மூன்று நடுவர்கள். ஜெபராஜ் அந்த ஊர்ப் பிள்ளை. இசை படித்துவிட்டுத் திருவாரூரில் வேலை பார்க்கிறவர். காதில் பொய் இல்லாதவர். தேர்வின் நிபந்தனை எளியது. தேர்வானவர்கள் பாடுவார்கள். மற்றவர்கள் புலம்பல் முடியும்வரை வாய் திறக்கக் கூடாது, புது மைக்குகள் எல்லாவற்றையும் பிடித்துவிடுமாம்.

எஸ்தர் வந்து நின்றார். ஜெபராஜ் கீபோர்டில் சுருதி கொடுத்தார். குரல் இரண்டாவது சொல்லிலேயே உடைந்தது. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். எஸ்தர் நிறுத்தாமல் அந்த அடியைப் பாடி முடித்துவிட்டுத்தான் முந்தானையால் முகம் துடைத்தார். தேவசகாயம் தணிந்த குரலில், "வேணாம்மா, நீ மனசுக்குள்ள பாடு. ஆண்டவருக்குக் கேக்கும்" என்றார். எஸ்தர் கொஞ்சம் யோசித்தார். "அவருக்குக் கேக்கும்ண்ணே, இல்லங்கல. பக்கத்துல உக்காந்திருக்கிற எங்க நாத்தனாருக்குக் கேக்குமா?"

நடுவரின் குரல்

அதற்கு மேல் என்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. நடுவர்களுக்கும் இந்த நிபந்தனை பொருந்துமா என்று கேட்டேன். தேவசகாயம் சங்கடப்பட்டு, எல்லாருக்கும் பொதுதான் என்றார். நல்லது, என்னையும் சோதியுங்கள் என்று எஸ்தர் நின்ற இடத்தில் போய் நின்று, அதே அடியைப் பாடினேன். ஒரு பாட்டின் பல வடிவங்களைத் தொகுத்தவள் எந்த வடிவத்தையும் பாட வல்லவள் அல்லள் என்பது சில நொடிகளில் சபைக்கு விளங்கிவிட்டது. இந்தத் தடவை சிரித்தவர்களில் எஸ்தரும் ஒருவர்.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன்: "எனக்கு மார்க் போடுங்கள். போட்டு, பெரிய வெள்ளியன்று வாயை மூடிக்கொண்டிரு என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அதற்குக் கீழ்ப்படியமாட்டேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்." தேவசகாயம் கூரையைப் பார்த்தார். நேர்மையாளரான ஜெபராஜ் மட்டும் என் கண்ணைப் பார்த்துப் பதில் சொன்னார். "மேடம், நீங்க ஆராய்ச்சியோட நிறுத்திக்கிறதுதான் எல்லாருக்கும் நல்லது."

ஊனமில்லாத ஆடு

தேர்வு முடிந்ததும் ஜெபராஜ் என்னைத் தம் வண்டியில் பேருந்து நிறுத்தம்வரை கொண்டுவந்து விட்டார். வழியில் தம் வாதத்தை ஒழுங்காக எடுத்து வைத்தார். காணிக்கைக்கு ஊனமில்லாத ஆட்டைத்தான் கொண்டுவர வேண்டும் என்பார்கள், பாட்டும் காணிக்கைதானே? பயிற்சி எடுப்பதும், சுருதி சேர்ப்பதும், ஒரே அடியை ஐம்பது தடவை பாடிப் பார்ப்பதும் பக்தி இல்லையா? மனசு நன்றாக இருந்தால் போதும் என்பது சோம்பேறிகளுக்கு வசதியான பேச்சு இல்லையா?

இவற்றில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. மறுத்தது வேறொன்றை. "உங்கள் ஆட்டை எவ்வளவு வேண்டுமானாலும் குளிப்பாட்டிக் கொண்டுவாருங்கள், ஜெபராஜ். நீங்கள் செய்வது அதுவல்லவே. வாசலில் நின்றுகொண்டு மற்றவர்களின் ஆட்டைத் திருப்பி அனுப்புகிறீர்கள். அந்த வேலையை உங்களுக்கு யார் கொடுத்தது?" வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் இருந்தது கோபம் அல்ல. "எல்லாரும் எப்படி வேணா பாடலாம்னா, படிச்சுட்டு வந்த எனக்கு இங்க என்ன மேடம் வேலை?"

ஒரு வரி போதும்

பெரிய வெள்ளியன்று எஸ்தர் பெண்கள் பக்கம், பாயில், நாத்தனாரை ஒட்டி உட்கார்ந்தார். நான் அவருக்குப் பின்னால். வெள்ளைப் புடவையில் பாடகர் குழு மைக்குகளின் முன் நின்றது. முதல் அடியைப் பாடினார்கள். மிக நன்றாகப் பாடினார்கள். எனக்குக் கண் கலங்கியது என்பதையும் பதிவு செய்தாக வேண்டும். அடி முடிந்ததும் கீபோர்டில் இடையிசை. சபை கைகட்டி உட்கார்ந்திருந்தது. இரண்டாம் அடி தொடங்கியது. அதன் கடைசிச் சொல் ஓயவில்லை, எஸ்தர் பிடித்துவிட்டார். அதே உடைந்த குரல், மைக் இல்லாமல், பாயிலிருந்து. நாத்தனார் சேர்ந்துகொண்டார். அந்த வரி முடிவதற்குள் ஆண்கள் பக்கம் முந்திக்கொண்டது. தேவசகாயம் எழுந்து நின்று, அமைதி, அமைதி என்று கையைக் காட்டினார். அவர் மனைவி பாடிக்கொண்டிருந்தார். நானும் பாடினேன்.

ஜெபராஜ் சிறிது தூரம் கீபோர்டில் எங்களைத் துரத்திப் பார்த்தார். சுருதி இறங்கிக்கொண்டே போகவும் கையை எடுத்துவிட்டார். குழுவிலிருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கீழே பாடிக்கொண்டிருந்தவர்கள் அவர்களுடைய தாய்மார்கள். பிறகு அவர்களும் சேர்ந்தார்கள். புலம்பல் தொடங்கிய சுருதிக்கு மிகவும் கீழே போய் முடிந்தது. சிங்கப்பூரில் அது எப்படிக் கேட்டதோ தெரியாது.

ஆராதனை முடிந்து எல்லாரும் மரத்தடியில் கஞ்சி குடிக்கும்போது ஜெபராஜ் நேராக எஸ்தரிடம் வந்தார். "மாசக்கணக்கா பயிற்சி அத்தை. புள்ளைங்க எவ்வளவு நல்லாப் பாடுச்சுங்க. கடைசி வரைக்கும் கேட்டுட்டு இருந்திருக்கலாம்ல?" என்றார். எஸ்தர் தம் பாயில் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். "கேட்டோம்ப்பா. ரொம்ப நல்லா இருந்துச்சு. அதைக் கேட்டுட்டு எப்படிப்பா சும்மா உக்காந்திருக்கிறது?"

இந்த ஆண்டும் குரல் தேர்வு நடக்கும் என்றும் நடுவராக என்னை அழைப்பதில்லை என்று சபைக் கமிட்டி ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறது என்றும் கேள்விப்படுகிறேன். இத்தனை ஆண்டு ஆராய்ச்சியில் தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை என்ற என் முடிவைப் பிறர் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டது இதுவே முதல் தடவை.