இரண்டு கட்சிக்கும் ஒரே வெண்டல்

எங்கள் ஒஹாயோ கல்லூரியில் படித்த வெண்டல் க்ரோகருக்கு ஆறரை அடி உயரம். அதில் ஆறடி வயிறு. ஜனநாயகக் கட்சி மாணவர் சங்கத்தில் செவ்வாய்தோறும் இலவச பீட்சா, குடியரசுக் கட்சிச் சங்கத்தில் வியாழன்தோறும். அவன் இரண்டிலும் உறுப்பினர்.

ஒருநாள் கல்விக் கடன் தள்ளுபடி பற்றி இரு சங்கங்களும் விவாத மேடையில் மோதின. தங்கள் பேச்சாளர் என்று இரண்டும் அழைத்தது வெண்டலை. குட்டு உடைந்தது.

"அடப்பாவி, ரெண்டு வீட்லயும் தின்னியா?" என்றாள் ஜனநாயகக் கட்சிச் சங்கத் தலைவி மார்லிஸ். "ரெண்டு பக்கமும் நீயே பேசு. அப்பதான் இன்னிக்கு பீட்சா."

இடப்பக்கம் நின்று, "தள்ளுபடி பண்ணுங்கப்பா, பசங்க பாவம்" என்றான். வலப்பக்கம் ஓடி, "கடன் வாங்கினது நீ, வரியில கட்டுறது காலேஜே போகாத பிளம்பரா?" என்று தன்னையே கேட்டான். தன்னை இடைமறித்தான், தன்னிடமே மன்னிப்புக் கேட்டான். வளாகத்தில் கார் நிறுத்த இடமில்லை என்றபோது இரு பக்கமும் சேர்ந்து தட்டிய கைதட்டலில் கூரைப் புறாக்கள் பக்கத்து மாநிலமான இந்தியானாவுக்கே குடிபெயர்ந்தன.

பேசி முடித்துத் திரும்பினால், பெட்டிகளெல்லாம் காலி. கேட்டுக்கொண்டே எல்லோரும் தின்று தீர்த்திருந்தார்கள்.

"சரி, உண்மையில நீ யார் பக்கம்டா?" என்றாள் மார்லிஸ்.

வெண்டல் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தான். "யார்கிட்ட ஒரு துண்டு மிச்சமிருக்கோ, அவங்க பக்கம்."