பருப்பு கருகிய நல்ல நாள்

போன வியாழக்கிழமை காலை என் வீட்டில் பருப்பு கருகியது. கருக்கியவன் நான்தான். அதைவிட விசேஷம் – கருக்கிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பீபிக் மீனாட்சி எட்டிப் பார்த்தார். பீபிக் என்றால் பெரியம்மா மாதிரி; தலைமுறைகளாக இங்கேயே ஊறிப்போன மலாக்காச் செட்டிக் குடும்பத்து அம்மாள். நெற்றி நிறைய விபூதி; வாயைத் திறந்தால் மலாய். "ஹாங்குஸ்! ஹாங்குஸ்!" என்று கத்தினார். கருகுகிறதாம். எனக்குத் தெரியாதா? மூக்கு என்னிடமும் ஒன்று இருக்கிறதே!

நான் சிரித்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். பாவம், அவருக்கு எப்படி விளக்குவது? என் மலாய் மீன் வாங்கும் அளவுக்குத்தான் போகும். உங்களுக்காவது சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். மாதத்தில் மூன்று நாள் என் மனைவி லோகநாயகி 'வீட்டுக்குத் தூரம்'. (ஆசிரியர் தயவுசெய்து கத்தரிக்கோலைக் கீழே வைக்கவும். உங்கள் வீட்டிலும் உள்ளதுதான்.) சாமி விளக்குப் பக்கம் வரமாட்டாள். அடுப்பைத் தொடமாட்டாள். பக்கத்து அறையில் பாயைப் போட்டுக்கொண்டு, அங்கிருந்தே மகாராணி மாதிரி உத்தரவு போடுவாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஆகவே சமையல் யார்? அடியேன்.

இதில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. நான் கூடையோடு பாசாரில் நின்றால் போதும்... காய்கறி விற்கிற சீனர்கூட "இன்னிக்கு நீயா?" என்று பல்லைக் காட்டுவார். என் வீட்டு விஷயம் எங்கள் பேட்டை காஜா பேராங் முழுவதற்கும் தெரியும்.

நான் நாற்பதைத் தொட்ட பிறகு தாலி கட்டியவன். லோகாவுக்கு முப்பது. எங்கள் இருவருக்கும் ஆசை ஒன்றே ஒன்றுதான் – ஒரு பிள்ளை. கல்யாணமான புதிதில் அடுப்பு மாதாமாதம் ஒழுங்காக என் முறைக்கு வந்தது. பிறகு திடீரென்று நின்றது. ஒரு மாதம்... இரண்டு... மூன்றாவது மாதமும் வரவில்லை. நாட்டுக்கு மெர்டேக்கா – சுதந்திரம் – கிடைத்த கையோடு எனக்கும் கிடைத்துவிட்டதா?

என் மூளை வேலை செய்தது. அடுப்பு வரவில்லை – ஆகவே விலக்கு வரவில்லை – ஆகவே... பிள்ளை!

லோகாவிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. வெட்கப்படுகிறாள், அவளாகச் சொல்லட்டும் என்று பெருந்தன்மையாக இருந்தேன். ஊருக்கு மட்டும் சொல்லிவிட்டேன்! ஆபீஸில் லட்டு. காப்பிக்கடையில் எல்லாருக்கும் என் செலவில் கோப்பி. பத்து பெரெண்டாம் கிராமத்தில் இருக்கும் என் அக்காவுக்கு ஆள் மூலம் தகவல்.

அக்கா அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஒரு கையில் மாங்காய், மறு கையில் கண்ணாடி வளையல் பொட்டலம்.

"யாருக்கு அண்ணி வளையல்?" என்றாள் லோகா.

"அடி கள்ளி! யாருக்காம்! எத்தனை மாசம்னு சொல்லு முதல்ல."

லோகா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். நல்ல கூரை.

"ஒண்ணுமில்லைங்க அண்ணி. எனக்குச் சின்ன வயசிலேயே இப்படித்தான். மாசக்கணக்கில தள்ளிப்போவும். நடுவில சரியாயிடுச்சின்னு நெனைச்சேன்."

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?" என்றேன் நான், வீரமாக.

"நீங்க எங்கே கேட்டீங்க? நேரா லட்டுக் கடைக்கில்ல போனீங்க!"

சொல்லிவிட்டு மாங்காயை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். வெகுநேரம் கத்திச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு ஊறுகாய்க்கு அவ்வளவு நறுக்கவேண்டியதில்லை. அன்றைக்கு நான் ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

மறுநாள் அவளேதான் சொன்னாள்: "வாங்க, டாக்டரைப் பார்ப்போம்."

லேடி டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். லோகாவைச் சோதித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "சூலகத்திலை சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் இருக்கலாம். இருக்கலாம் எண்டுதான் சொல்லுறன். திறந்து பார்த்தால்தான் நிச்சயம். இப்ப அதுக்கு அவசரமில்லை."

கட்டி! எனக்குக் காதில் விழுந்தது அந்த ஒரு சொல்தான். "டாக்டர், உயிருக்கு...? எத்தனை நாளைக்கு...? சிங்கப்பூருக்குக் கொண்டு போகட்டுமா? மெட்ராஸுக்கே..." சுவர் லேசாக நகர்ந்தது.

கண்ணைத் திறந்தால் நாற்காலியில் இருக்கிறேன். மிஸி, அதாவது நர்ஸ், என் கையில் பட்டையைக் கட்டி பிரஷர் பார்க்கிறாள். "இதில பேஷண்ட் யாரு?" என்று லோகாவைக் கேட்கிறாள்.

"இன்னிக்கு அவருதான்" என்றாள் என் தர்மபத்தினி, விசிறிக்கொண்டே.

என்னை ஓரமாக உட்காரவைத்துவிட்டு இரண்டு பெண்களும் காரியத்தைப் பேசினார்கள். சீனியைக் குறைக்கவேண்டும். எடையைக் குறைக்கவேண்டும். தினமும் நடக்கவேண்டும். "விலக்கு தானாய் மாதாமாதம் வரத் தொடங்கினால் அதுதான் நல்ல சேதி. பிள்ளைக்கு வழி இருக்கு. வராட்டி ஒப்பரேசன் இருக்கு, அதைப் பிறகு யோசிப்பம். இப்பிடி இருந்து பிள்ளை பெத்தவை எத்தினையோ பேர்."

அன்று மாலையே லோகா நடக்கத் தொடங்கினாள். துணைக்கு நான். காஜா பேராங்கிலிருந்து புக்கிட் பாரு போகிற ரோட்டில் அவள் முன்னால் விறுவிறு என்று, நான் பின்னால், மூச்சு வாங்கிக்கொண்டு, "கொஞ்சம் நில்லு லோகா... நில்லும்மா" என்று கெஞ்சிக்கொண்டு.

இதை வேடிக்கை பார்க்கிறவன் என்ன நினைப்பான்? நம் ஊரில் உடம்புக்காக நடக்கிற ஆளை யார் பார்த்திருக்கிறார்கள்? போதாக்குறைக்கு லோகாவின் அண்ணன் வீடு புக்கிட் பாருவில்!

மூன்றாம் நாள் மளிகைக்கடை மாணிக்கம் ரோட்டில் குறுக்கே வந்து நின்றார். "தங்கச்சி, என்ன கோபமா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம். இந்த மனுசன் மூஞ்சியப் பாரு, அழுவுறாப்பல இருக்காரு."

"அழுவலண்ணே, வேர்வை" என்றாள் லோகா, நிற்காமல்.

செய்தி பத்து பெரெண்டாமுக்கும் போய்விட்டது. அக்கா மறுபடி வந்தாள். என்னைத் தனியாக அழைத்து, குரலைத் தாழ்த்தி – அக்காவின் தாழ்ந்த குரல் உஜோங் பாசிர் வரைக்கும் கேட்கும் – "தம்பி, அலோர் காஜா பக்கம் ஒரு பொண்ணு இருக்கு. லோகாவும் இருக்கட்டும். யாரு வேணாம்னா? ஒரு புள்ளைக்காகத்தானே..." என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து பதில் வந்தது.

"ஒருத்தி பின்னால நடக்கவே உங்க தம்பிக்கு மூச்சு வாங்குது அண்ணி. ரெண்டு பேரு ரெண்டு பக்கம் நடந்தா ஆளு தாங்குவாரா?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் தொப்பையைப் பார்த்தாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, நான் சொன்னேன்: "அக்கா, பிள்ளை வந்தா லோகாவுக்கு வரட்டும். இல்லேன்னா எங்க ரெண்டு பேருக்கும் இல்ல. இந்தப் பேச்சு இதோட போதும்." அவ்வளவு பேச்சில் வேடிக்கை கலக்காமல் நான் சொன்னது அது ஒன்றுதான். கொஞ்ச நேரத்தில் சமையலறையிலிருந்து எனக்கு மட்டும் ஒரு கோப்பி வந்தது... சீனியோடு!

நடை நிற்கவில்லை. லோகாவின் ரவிக்கைகள் தளர்ந்தன. மாதங்கள் போயின. போன மாதம் ஒரு நாள் அவள் பாயைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். ஏதோ தற்செயல் என்று இருவருமே வாயைத் திறக்கவில்லை. இந்த மாதம், போன வியாழக்கிழமை, காப்பிக்குக் காத்துக்கொண்டிருந்த என்னிடம் அந்த அறைக்குள்ளிருந்து உத்தரவு வந்தது:

"ஏங்க... அடுப்பைப் பத்த வைங்க!"

இரண்டாவது மாதமும் தானாக! மற்ற வீடுகளில் பிள்ளைக்குக் காத்திருக்கிற புருஷன் இதைக் கேட்டால் தலையில் கை வைத்துக்கொள்வான். நான் குதித்தேன். நெருப்பு மூட்டினேன், பருப்பை வைத்தேன், பாடத் தொடங்கினேன். பாட்டில் பருப்பை மறந்தேன்.

இன்னும் ஒன்றும் ஆகிவிடவில்லை. தெரியும். பிள்ளை வரலாம், தாமதமாகலாம். "வரும்" என்கிறாள் லோகா, பஸ் வரும் என்பதைப் போல. எனக்கு இப்போது டாக்டரைவிட அவள்மேல் நம்பிக்கை.

இதையெல்லாம் எழுதலாமா என்று அவளைக் கேட்டேன். – ஆமாம், இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க. எத்தனை பொண்ணுங்க வாயத் திறக்காம ஏச்சு வாங்கிக்கிட்டு இருக்குதுங்க! டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க" என்றாள்.

சொல்லிவிட்டேன். புருஷன்மார்களே, நீங்களும் கட்டாயம் கூடப் போங்கள் – வாயை மட்டும் வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு!