திரைக்கு முன்னால் கழுத்து திரும்பாது

1. புல்லில் ஏறிய கார்

கோயம்புத்தூருக்கு வெளியே இருக்கும் ரேஸ் டிராக்கில், கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். எங்கள் மாணவி ஜெனிஃபர் வாழ்க்கையில் முதல் முறையாக நிஜ ரேஸ் காரில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தாள். அதற்கு முன்பு அவள் ஓட்டிய ரேஸ் எல்லாம் மதுரை கே.கே. நகரில், ஒரு மாடியில், டிவி திரைக்கு முன்னால்.

ஹேர்பின்னில் தப்பு நடந்தது. மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு என்போமே, அதுதான் ஹேர்பின். கார் வளைய வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், அவள் அவசரமாக ஸ்டீயரிங்கை ஒடிக்க, பின்பக்கம் வழுக்கி, ஒரு சுழல் சுழன்று புல்லில் நின்றது. புழுதி அடங்கியபோது அவள் கை வெளியே நீண்டு ஆடியது. அடிபடவில்லை.

பயிற்சியாளர் சண்முகம் சார் பழைய ரேஸ்காரர், கொங்கு ஆள். காலையிலேயே எல்லோரையும் நிறுத்திவைத்துச் சொல்லியிருந்தார்: "இங்க பாருங், தடத்தை உட்டு ஒருக்கா வெளிய போனா மன்னிச்சு உட்டுருவேன். ரெண்டாவதுவாட்டி போனா நாளைக்கு வர வேண்டாமுங். இப்பவே சொல்லிப்போட்டேன்."

அது இரண்டு நாள் தேர்வு. முதல் நாள் பழகுவதற்கு, மறுநாள் மதிப்பிடுவதற்கு. புதியவர்களில் ஒருவருக்கு மட்டும் ஒரு சீசன் முழுக்க ஓட்ட கார் கிடைக்கும். மற்ற பிள்ளைகள் பலர் சின்ன வயதிலிருந்தே கோ-கார்ட் என்ற குட்டி ரேஸ் வண்டி ஓட்டியவர்கள்; இது போனால் அடுத்தது என்று பார்த்துக்கொள்வார்கள். ஜெனிஃபருக்கு அப்படி ஓர் அடுத்தது கிடையாது. மன்னிப்புக் கிடைக்கும் அந்த ஒரு தப்பையும் இப்போது அவள் செய்து தீர்த்துவிட்டாள்.

2. பல் டாக்டருக்கு மேல்மாடி

நான் மெக்கானிக்கல் படித்தவன். கிடைத்த வேலையில் நாற்காலி சூடாகும் முன்பே எழுந்து வந்துவிட்டேன். வில்லாபுரத்துக்காரன் பாலாஜியும் நானும் கல்லூரியில் ஒரே பெஞ்ச். இருவரும் சேர்ந்து ஆரம்பித்ததுதான் எங்கள் சிமுலேட்டர் சென்டர். கீழே பல் டாக்டர், மேலே நாங்கள். கீழே டிரில் சத்தம், மேலே இன்ஜின் சத்தம்.

சிமுலேட்டர் என்றால் பெரிய மர்மம் இல்லை. நிஜக் காரின் சீட், வளைவுக்குத் தகுந்தபடி கையை எதிர்த்து இழுக்கும் ஸ்டீயரிங், எவ்வளவு அமுக்குகிறோம் என்பதை அளக்கும் பிரேக் பெடல், எதிரே சுவரில் பெரிய திரை. ஓடுவது வீடியோ கேம்தான்.

மதுரைக்காரர்கள் அதில் உட்கார்ந்ததும் முதலில் தேடுவது ஹாரனை. அலங்காநல்லூரிலிருந்து மகனோடு வந்த ஒருவர் ஸ்டீயரிங்கைச் சுற்றிச் சுற்றித் தடவிவிட்டுக் கேட்டார்: "ஹாரன் எங்க தம்பி?"

"ரேஸ் கார்ல ஹாரன் கெடையாதுண்ணே."

"அப்ப முன்னாடி போறவன் எப்படி ஒதுங்குவான்?"

"அவன் ஒதுங்க மாட்டான். நம்மதான் எடம் பாத்துப் போகணும்."

"இது நம்ம ஊருக்கு ஒத்து வராது," என்று எழுந்துவிட்டார். மகன்தான் அந்த ஒரு மணி நேரத்தையும் ஓட்டித் தீர்த்தான்.

ஜெனிஃபர் ஒரு தோழியின் பிறந்தநாள் கூட்டத்தோடு வந்தாள். பக்கத்துத் தெருதான். அப்பா ஆரோக்கியராஜ் சார் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவள் கல்லூரி இரண்டாம் ஆண்டு. எல்லோரும் கேக் சாப்பிடப் போன பிறகும் இவள் சீட்டை விட்டு எழவில்லை.

"அண்ணே, மத்த எடத்துல எல்லாம் நான்தான் ஃபாஸ்ட்டு. அந்த ரெண்டாவது வளைவுல மட்டும் ஏன் ஸ்லோவா வாரேன்?"

யார் ஜெயித்தது என்று கேட்பவர்கள் நூறு பேர். ஏன் மெதுவாக வந்தேன் என்று என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள். அன்றைக்கே பாலாஜியிடம் சொன்னேன், இந்தப் பிள்ளையை நிஜ டிராக்கில் ஏற்றிவிட வேண்டும் என்று.

"மாப்ள, மதுரைல டிராக்கே இல்லையேடா."

"அதுக்குத்தான்டா இது இருக்கு."

3. எங்கள் பாடத்திட்டம்

இந்தப் பகுதியை எழுதும்போது எனக்கு இப்போதும் கொஞ்சம் தலைக்கனம் ஏறுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாரோ ஓர் ஆர்வலர் அந்தக் கோயம்புத்தூர் டிராக்கை மேடு பள்ளத்தோடு கேமுக்குள் செய்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தார். அதை இறக்கிக்கொண்டோம். முதலில் பிரேக். வீட்டுக் காரில் பிரேக்கை மெதுவாக ஆரம்பித்து அழுத்தமாக முடிப்போம். ரேஸில் தலைகீழ்: முதல் மிதியே முழு மிதி, பிறகு வளைவுக்குள் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அவளுடைய ஒவ்வொரு மிதியும் கம்ப்யூட்டரில் கோடாக விழும். அந்தக் கோடு சுவர் போல ஏறி சரிவு போல இறங்கும்வரை அவளை விடவில்லை.

பிறகு வெயில். நிஜக் காரில் ஏசி கிடையாது. ஏசியை நிறுத்திவிட்டு, ஜன்னலைச் சாத்தி, ஸ்கூட்டர் ஹெல்மெட்டும் முழுக்கை ஜெர்கினும் போட்டு ஓட்டச் சொன்னேன். சித்திரை மாசத்து மதுரை. பாலாஜி பொறுத்துப் பார்த்தான்.

"மாப்ள, அந்தப் புள்ள ரேஸ் ஓட்டப் போகுதா, வேகப் போகுதா? கஸ்டமர் ரெண்டு பேரு படியிலயே திரும்பிப் போயிட்டாய்ங்க."

மூன்றாவதாக, வாயால் ஓட்டுவது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்றை முழுவதும் சொல்ல வேண்டும்: எங்கே பிரேக், எந்த கியர், எங்கே திருப்புவது. கோயம்புத்தூர் பஸ்ஸில் அவள் கண்ணை மூடி, கையைத் திருப்பி, காலை மிதித்து, முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். முன்சீட்டுக்கார அம்மா திரும்பிப் பார்த்து, ஆரோக்கியராஜ் சாரிடம் மெதுவாகக் கேட்டார்: "பாப்பாவுக்கு இது அடிக்கடி வருமா?"

சார் அசரவில்லை. "பரீட்சைக்குப் படிக்கிதும்மா," என்றார்.

பலன் இருந்தது. காலையில் டிராக்கை நடந்து காட்டியபோது, சண்முகம் சார் சொல்வதற்கு முன்பே அடுத்த வளைவு எப்படி இருக்கும் என்று ஜெனிஃபர் சொன்னாள். அவர் புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டேன்.

4. ஹெல்மெட்டுகளைப் பார்த்தேன்

புல்லில் நின்ற காரை இழுத்து வந்து நிறுத்தினார்கள். ஜெனிஃபர் இறங்கி வந்தாள். முகம் செத்துப் போயிருந்தது.

"அண்ணே, பிரேக்கு பிடிக்கவே மாட்டேங்குது. எம்புட்டு மிதிச்சாலும் அந்த வளைவுல மட்டும் வெளிய தள்ளுது."

மெக்கானிக்கிடம் கேட்டேன். பிரேக்கில் கோளாறு இல்லை. காரில் பதிவான கணக்கையும் பார்த்தேன். மிதி சரி, மதுரையில் போட்ட அதே கோடு. மற்ற எல்லா வளைவிலும் வேகம் நன்றாகவே இருந்தது. இந்த ஒன்றில் மட்டும் காரைத் தாமதமாகத் திருப்புகிறாள். ஏன்?

சண்முகம் சார் பக்கத்தில் வந்தார். "தம்பி, கோவிச்சுக்காதீங். கேம் ஆடற புள்ளைங்களுக்கு இது வந்துருமுங். பயம் வந்துச்சுன்னா கை வராது. இன்னொரு செசன் இருக்குது, பார்க்கலாமுங்."

எனக்கு அது ஒப்பவில்லை. அவளுக்குப் பயம் இல்லை. பயந்த ஆள் அந்த வேகத்தில் மற்ற வளைவுகளுக்குள் போக மாட்டாள். ஹேர்பின் பக்கமாக வேலி ஓரம் போய் நின்று, அடுத்த குழுப் பிள்ளைகள் ஓட்டுவதைப் பார்த்தேன். கார்களைப் பார்த்துப் பார்த்து ஒன்றும் புரியவில்லை. பிறகு ஓட்டுகிறவர்களைப் பார்த்தேன். மேலே கூரை இல்லாத கார். ஹெல்மெட் நன்றாகத் தெரியும்.

ஒவ்வொரு ஹெல்மெட்டும் கார் திரும்புவதற்கு முன்பே திரும்பியது. கார் இன்னும் நேராகத்தான் வருகிறது, தலை மட்டும் வலது தோளுக்கு மேல் போய், வளைவின் உள்முனையைப் பார்க்கிறது. அதற்குப் பிறகுதான் கை. ஒருவர் விடாமல் அப்படித்தான்.

ஜெனிஃபரின் ஹெல்மெட் எப்படி இருந்தது என்று யோசித்தேன். ஆதார் கார்டுக்குப் போட்டோ எடுப்பது போல நேராக இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. எங்கள் மாடியில் திரை ஒன்றுதான், நேர் எதிரே. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் உலகமே சுற்றி வந்து அவள் மூக்குக்கு முன்னால் நிற்கும். தலையைத் திருப்பினால் தெரிவது பாலாஜியின் கல்லாவும் ஒரு தண்ணீர் கேனும். "கண்ணை ஸ்க்ரீனை விட்டு எடுக்காத" என்று பாடமாகச் சொல்லிக்கொடுத்ததும் நாங்கள்தான். மற்ற வளைவுகள் அகலமானவை. நேராகப் பார்த்தாலே உள்முனை தெரிந்துவிடும். ஹேர்பின்னில் அது பக்கவாட்டில் இருக்கிறது.

ஓடிப் போய்க் கேட்டேன். "ஹேர்பின்ல எதைப் பாத்துத் திருப்புற?"

"பாக்கலண்ணே. பிரேக்க மிதிச்சதும் மனசுக்குள்ள ஒன்னு, ரெண்டுன்னு எண்ணுவேன். ரெண்டு முடிஞ்சதும் திருப்புவேன். நம்ம சென்டர்ல கரெக்டா வருமே."

அங்கே வரும். டயர் எப்போதும் ஒரே சூடு, காற்று கிடையாது, வேகம் ஒரே மாதிரி. இங்கே வேகம் சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் மாறுகிறது. எண்ணி முடிக்கும்போது கார் வேறு இடத்தில் இருக்கிறது.

5. எவர்சில்வர் தட்டு

அடுத்த செசன் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. கையில் இருந்தது அந்த இடைவேளை மட்டும்.

பார்க்கிங்கில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். கேன்டீனிலிருந்து எவர்சில்வர் தட்டு ஒன்றை வாங்கி அவள் கையில் ஸ்டீயரிங்காகக் கொடுத்தேன். ஹெல்மெட்டையும் மாட்டச் சொன்னேன்.

"நேரா பாரு. நான் 'பிரேக்'குன்னு சொன்னதும் மிதி. மிதிச்சுக்கிட்டே என்னையத் தேடு. நான் எத்தன வெரல் காட்டுறேன்னு சொல்லிட்டுத்தான் தட்டத் திருப்பணும்."

அவளுக்கு வலது பக்கம் பின்னால் போய் நின்றேன். ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்றினேன்: காருக்குப் பின்னால், வேப்பமரத்துக்குப் பக்கத்தில், குனிந்து, நிமிர்ந்து. எங்கே இருப்பேன் என்று தெரியக் கூடாது. தெரிந்தால் எண்ண ஆரம்பித்துவிடுவாள்.

"பிரேக்."

"மூணு."

"தட்டு முன்னாடியே திரும்பிருச்சு. வெரலப் பாத்த பெறகு கை. மறுபடி. பிரேக்."

"ரெண்டு... இல்லண்ணே, நாலு."

"ரோட்ட விட்டுப் போயாச்சு. மறுபடி."

ஆரோக்கியராஜ் சார் சாம்பார் சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க தனியா ஓடி ஓடி நிக்கிறீங்க. நானும் ஒரு பக்கம் நிக்கவா?" என்றார். அதன் பிறகு இரண்டு பேர் மாறி மாறி விரல் காட்டினோம். மற்ற பிள்ளைகள் சிலர் ஃபோனில் வீடியோ எடுத்தார்கள். ஒரு பையன், "அக்கா, தட்டுல பவர் ஸ்டீயரிங்கா?" என்றான். ஜெனிஃபர் தலையைத் திருப்பாமலே, "நீ போடா, நீ எத்தனாவதுன்னு நாளைக்குப் பாப்போம்," என்றாள். அந்தத் திமிரைக் கேட்டதும் எனக்குப் பாதி நிம்மதி.

சண்முகம் சாரும் பார்த்துவிட்டுப் போனார்.

6. இரண்டாவது செசன்

மறுபடி வேலி ஓரம். முதல் சுற்றில் மெதுவாக வந்தாள். ஹெல்மெட் திரும்பியது, ஆனால் காரும் கையும் தலையோடு சேர்ந்தே திரும்பிவிட்டன. உள்பக்க ஓரக் கல்லில் ஒரு டயர் ஏறி இறங்கியது. நல்லவேளை, தடத்தை விட்டு வெளியே போகவில்லை.

அடுத்த சுற்று. நேர்ப்பாதையில் முழு வேகம். பிரேக் விழுந்தது, காரின் மூக்கு அமுங்கியது. ஹெல்மெட் திரும்பியது. கார் இன்னும் நேராகவே வந்தது. ஒரு கணம் அவள் பார்வை எங்கோ பதிந்து நின்றது போல இருந்தது. பிறகு கை அசைந்தது. கார் உள்முனையை உரசிக்கொண்டு போய், வெளியேறும் இடத்தில் சாலையின் அகலம் முழுவதையும் எடுத்துக்கொண்டு பறந்தது.

பக்கத்தில் ஆரோக்கியராஜ் சார் நின்றிருந்தார். வேலிக் கம்பியில் அவர் பிடி தளர்ந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் கழுத்து முதலில், கை பிறகு. மறுநாள் மதிப்பீட்டில் ஹேர்பின்னில் அவளைவிட வேகமாக வெளியேறியவர்கள் யாரும் இல்லை. சீசன் சீட் அவளுக்குத்தான் என்று சண்முகம் சார் அறிவித்தபோது, அவள் அப்பாவைக் கட்டிப் பிடித்து அழுதுவிட்டு, என்னிடம் வந்து, "அண்ணே, கழுத்து ரெண்டு பக்கமும் வலிக்கிது," என்றாள்.

சண்முகம் சார் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "எங்க பசங்களுக்குக் கழுத்தைத் திருப்போணும்னு தனியாச் சொல்லிக் குடுத்ததே இல்லீங் தம்பி. அது பாட்டுக்குத் திரும்பும். திரும்பாத கழுத்தை நான் இப்பத்தான் பார்க்கறேன். பார்த்தும் எனக்குத் தெரியலீங், உங்களுக்குத் தெரிஞ்சிருக்குது."

இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த சம்பளங்களில் அதுவே பெரியது.

7. புதிதாக வருகிறவர்களுக்கு

கேமில் ஓட்டிப் பழகி ரேஸுக்குப் போக முடியுமா என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். முடியும். டிராக் இல்லாத ஊரிலிருந்து போய்ச் சீட் வாங்கியிருக்கிறோம், தயங்காமல் சொல்வேன். பிரேக் பழகலாம், பாதை பழகலாம், பொறுமை பழகலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். எந்திரம் நமக்குப் பதிலாகச் செய்துகொடுக்கும் வேலை எதுவோ, அதை நாம் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் கற்றுக்கொள்ள மாட்டோம். அது தனக்குள் அந்த வேலையைச் செய்வதும் நம் கண்ணில் படாது. கேம் ஜெனிஃபருக்காகத் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தது. எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

எனவே இப்போது எங்களிடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு மூன்று திரை, எதிரே ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. அது போதும் என்றும் நான் நம்பிவிடவில்லை. அடுத்த மாதம் ஜெனிஃபருக்கு முதல் ரேஸ். இதுவரை தனியாகச் சுற்றியவள், இனிமேல் இருபது கார்களுக்கு நடுவில். கேம் அங்கே இன்னும் எதைச் செய்துகொடுத்து எங்களை ஏமாற்றியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பாலாஜி கடையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டான். நான் போய் வேலி ஓரம் நின்று, காரை விட்டுவிட்டு, ஓட்டுகிறவளைப் பார்க்கப் போகிறேன்.