சந்தனப் பொட்டு வைத்த லேப்டாப்

இரண்டு வருஷத்துக்கு முன், பொங்கல் முடிந்த வாரம், திருவண்ணாமலையில் வேங்கிக்கால் பக்கம் நடந்தது இது. அப்போதுதான் அங்கே ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி.

போகியன்று அம்மா பழைய பாயோடு என் லேப்டாப்பையும் எரிக்க எடுத்து வைத்திருந்தார். பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்தது. பேட்டரி உப்பி, கீபோர்டே மேலே தூக்கிக்கொண்டு நின்றது. இதையெல்லாம் எரித்தால் விஷப்புகை என்று தெருவே கேட்கும்படி பாடம் எடுத்தேன். பிறகு டேப் சுற்றி இறுக்கி, பழைய இரும்பு வாங்க வந்தவரிடம் கொடுத்தேன். பேட்டரியைப் பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்று நினைத்தேன்.

நாலைந்து நாள் கழித்து, சாயங்காலம் வண்டியில் வீடு திரும்பும்போது ஏரிக்கரையில் கரும்புகை. செம்புக் கம்பி எடுக்க ஓர் அக்கா வயர்களைக் குவித்துக் கொளுத்திக்கொண்டிருந்தார். திட்டுவதற்காகத்தான் வண்டியை நிறுத்தினேன். இப்படி எரித்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று ஆரம்பித்தவள், அவர் காலடியில் கிடந்த லேப்டாப் மூடியைப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு அம்மா வைத்த சந்தனமும் குங்குமமும் அதில் காய்ந்து கிடந்தன. மீதிப் பாகம் தீக்குள் இருந்தது.

அதில் பேட்டரி இருக்குமே என்று மட்டும் கேட்டேன். அவர் சிரித்தார்.

"படிச்சவங்க வூட்டு சாமான்னு சொல்லிதாம்மா இரும்பு வாங்குறவரு குடுத்தாரு. ஆபத்துன்னா சொல்லியிருக்க மாட்டாங்களா?"

அது என்னுடையதுதான், தள்ளி வாங்க என்று சொல்ல வேண்டும். இவ்வளவு திட்டிவிட்டு எப்படிச் சொல்வது? ஒரு நொடி யோசித்திருப்பேன். அதற்குள் வெடித்தது.

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முந்தானையில் நெருப்பு. கையால் அடித்தேனா, பாட்டில் தண்ணீரை ஊற்றினேனா, எதுவும் வரிசையாக ஞாபகம் இல்லை. வண்டியில் ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டினேன். வழி முழுக்க என் தோளைப் பிடித்தபடி, கண்ணு தெரியுமாம்மா, கண்ணு தெரியுமாம்மா என்று அதையே கேட்டுக்கொண்டு வந்தார்.

புருவத்துக்கு மேலே கிழித்திருந்தது. ஒரு விரல்கடை கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும் என்றார் டாக்டர். கட்டுப் போட்டதும் அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, சாமி மாதிரி வந்தே என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. லேப்டாப் என்னுடையது, பேட்டரி கெட்டிருந்தது எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

கையை விட்டுவிட்டார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான்.

இப்போது வீட்டில் எது பழுதானாலும், எலக்ட்ரானிக் கழிவு வாங்கும் இடத்துக்கு நானே எடுத்துப்போய், எதில் என்ன கெட்டிருக்கிறது என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். ஆனாலும் ஊரில் யாராவது என்னைப் படித்த பெண் என்று பெருமையாகச் சொல்லும்போதெல்லாம், அந்த அக்கா என் கையை விட்ட நொடிதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது.