இறக்காத கைகள்

தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் குடித்துவிட்டு எங்கள் ஆஸ்பத்திரித் தனியறையில் இருந்தார், மலேசியாவின் பெடாஸ் பக்க ரப்பர் தோட்டத்துப் பெரியவர். உடம்பில் எஞ்சிய கதிர்வீச்சை அளக்க நான் கருவியை எடுத்தாலே இரண்டு கைகளையும் தூக்கிவிடுவார்.

"கைய இறக்குங்க ஐயா."

"வெள்ளைக்காரன் காலத்து எமர்ஜென்சி நேரத்துல தோட்டத்து கேட்டுல இப்படித்தாம்மா நிப்போம். காட்டுல இருக்கிற கம்யூனிஸ்ட்டுக்குச் சோறு கொண்டு போறோமான்னு பட்டாளத்துக்காரங்க தடவிப் பார்ப்பாங்க. எங்கம்மா மடியில ஒரு பிடி அரிசி இருந்துச்சு. கூட்டிக்கிட்டுப் போனாங்க. அப்புறம் நான் அம்மாவப் பாக்கவே இல்ல."

வீடு திரும்பும் நாளில் கடைசியாக அளந்தேன்.

"போகலாம் ஐயா. ஆனா கொஞ்ச நாளைக்குப் பேரனத் தூக்கக் கூடாது. கதிர்வீச்சு புள்ளைக்கு ஆகாது."

தலையசைத்தார். கதவு திறந்தது. தூக்கியபடியே இருந்த அவர் கைகளைப் பார்த்துத் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்த பேரன், தானும் கைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். அவர் கைகளை இறக்காமலே பின்வாங்கிப் பின்வாங்கிச் சுவரில் முட்டி நின்றார்.