லலிதாம்பாள் வீட்டு அலமாரியில் இருந்த மூட்டை

சாவித்ரிக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் போக ஒரு தாய்வீடு இல்லை. தாய் கண்ணை மூடி வெகுகாலம். அண்ணன் தூத்துக்குடியில் இருந்தான். அவன் பெண்டாட்டிக்கே இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று. அதனால் தலைப்பிள்ளையும் ஹைதராபாத்தில்தான் பிறந்தது. பிறந்தது என்றுதான் சொல்ல வேண்டும், அழவில்லை. வாங்கி அடுக்கிய சட்டை, தொப்பி எல்லாவற்றையும் அவள் புருஷன் ஜகதீசன் யார் கண்ணிலும் படாமல் எங்கேயோ கொடுத்துவிட்டு வந்தான்.

எழுபதுகளில், குஷாய்குடாப் பக்கம் காலனி எழும்பிக்கொண்டிருந்த சமயம், அவள் மறுபடி உண்டானாள். எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஜகதீசனுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. ஒரு திருகாணியைக்கூட இரண்டு தடவை பார்த்துத்தான் வெளியே விடுவான். வீட்டிலோ, வருகிற பிள்ளைக்கு ஒரு கந்தல்கூடச் சேர்க்கக் கூடாது என்று ஒரே பிடியாய் நின்றான்.

"போன தடவை எல்லாம் வாங்கி அடுக்குனோம். என்னத்தக் கண்டோம்? பிள்ளை வரட்டும், பொறவு பாப்போம்."

"வந்த பொறவு துணிக்கு எங்க போய் நிக்கது? உங்க பாக்டரி சாக்குலயா சுத்துவீங்க?"

"இந்த வீட்டுக்குள்ள ஒண்ணும் வரக் கூடாது. அவ்வளவுதான்."

சாவித்ரி எதிர் வீட்டு லலிதாம்பாளிடம் போனாள். அவர்கள் வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்த ரயில்வே குடும்பம். பேச்சில் பாதி உருது.

"கய்கூ, எதுக்குப் பயப்படறே? என் அலமாரி இருக்கு, வச்சுக்கோ. அவர் கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது."

சொன்னதோடு நிற்காமல், தன் மாமனாரின் பழைய வேட்டிகளையும் கிழித்துக் கொடுத்தாள். தொண்ணூறு தாண்டியும் சொந்தப் பல்லால் முறுக்குக் கடித்த மனிதர். பிறந்த பிள்ளையை முதலில் அப்படி ஆண்டு அனுபவித்தவர் துணியில்தான் சுற்ற வேண்டும், புதுத்துணி ஆகாது. சாவித்ரி அவற்றை வெந்நீரில் அலசி, லலிதாம்பாள் வீட்டுக் கொடியிலேயே உலர்த்தினாள். சுக்கும் திப்பிலியும் பொட்டலம் கட்டிச் சேர்த்தாள். ஜகதீசன் வேலைக்குப் போனதும் அங்கே போய், மூட்டையைப் பிரித்துத் தடவிப் பார்த்து, திரும்ப மடித்து வைப்பாள். அந்த நேரத்தில் மட்டும் பிள்ளை உயிரோடு வரும் என்று மனசு சொல்லும்.

வலி கண்டது ஒரு மத்தியானம். சாப்பிட வந்த ஜகதீசனுக்கு ரசம் ஊற்றும்போது கரண்டி பாதியில் நின்றது. அவன் எச்சில் கையோடு ஓடி ஆட்டோ பிடித்து வந்தான். சாவித்ரி ஏறவில்லை. எதிர் வீட்டு வாசலையே பார்த்து நின்றாள். பூட்டுத் தொங்கியது. லலிதாம்பாள் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள்.

"என்னட்டி பாக்க? ஏறு!"

"பிள்ளைத் துணி உள்ள அலமாரில இருக்கு."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் வெளிறிவிட்டது. "நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லா…"

"சொன்னீங்க. உங்களுக்குப் பயம். எனக்கு மட்டும் பயம் இல்லையா? வெறுங்கையோட போனா, வெறுங்கையோட திரும்பத் தயாராப் போற மாதிரி இருக்கு. நான் போவ மாட்டேன்."

அடுத்த வலி வந்தது. அவள் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். ஜகதீசன் உள்ளே போய் அம்மிக் குழவியைத் தூக்கி வந்து, பூட்டின்மேல் போட்டான் ஒரு போடு. திருட்டுக் கேஸில் என்னையும் மாட்டிவிடாதீர்கள் சாப் என்று ஆட்டோக்காரன் உருதுவில் அலறினான். இன்னொரு போட்டில் பூட்டு தெறித்தது. ஜகதீசன் உள்ளே ஓடி மூட்டையை எடுத்து, மார்போடு அணைத்துக்கொண்டு வந்து ஏறினான். ஆஸ்பத்திரி வரும்வரை கீழே வைக்கவில்லை.

பொழுது சாயப் பெண் பிறந்தது. அழுகை வராந்தா வரைக்கும் கேட்டது. ஆயா வந்து துணி கேட்டபோது, ஒன்று கொடுத்தால் போதும் என்று தெரியாமல் எல்லாவற்றையும் அவள் கையில் திணித்தான்.

மறுநாள் காலையில் லலிதாம்பாள் வந்தாள். வார்டுக்குப் பின்னால் குழாயடியில் ஜகதீசன் குந்தி உட்கார்ந்து துணி அலசிக்கொண்டிருந்தான்.

"என்ன இன்ஸ்பெக்டர் சார், என் வீட்டுப் பூட்டைச் சோதனை போட்டுப் பாத்தீங்களாமே? பாஸா, ஃபெயிலா?"

அவன் தலையைத் தூக்கவில்லை. "வேற பூட்டு வாங்கித் தாரேன்க்கா. உங்க மாமனார் வேட்டி இன்னும் இருக்குமா? இவ ஒரு ராத்திரியிலயே எல்லாத்தையும் நனைச்சுப்புட்டா."

"ஹவ், ஆமா இருக்கு, கொண்டு வரேன்." அவள் குனிந்து ஒரு துணியை எடுத்துப் பிழிந்து பார்த்தாள். "சோப்பு போகல. இன்னொரு தண்ணி அலசுங்க."

அவன் வாளியைக் கவிழ்த்துவிட்டு மறுபடி குழாயைத் திறந்தான்.